தொண்டைக்குள் நிற்கும் சொல்

1935 ஜூலை. பாரிஸில் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் மாநாடு நடக்கிறது. கேம்பிரிட்ஜின் பெரிய ஆளுமையான ஆர்தர் எடிங்டன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேசுகிறார். சபையில் உட்கார்ந்திருக்கும் 24 வயது இளைஞர் ஒருவரின் கணக்கு அடிப்படையிலேயே தப்பு என்று அடித்துச் சொல்கிறார். இளைஞர் ஒரு துண்டுச் சீட்டில் நாலு வார்த்தை எழுதி, தலைமை வகித்த அமெரிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்புகிறார். பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும் என்பதுதான் சீட்டின் சாரம். நீங்கள் பேசாமல் இருப்பதே நல்லது என்று பதில் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், எடிங்டன் சொன்னதில் ரஸ்ஸலுக்கே நம்பிக்கை இல்லை. அதைத் தனியாக அந்த இளைஞரிடமே சொல்லியும் இருக்கிறார்.

அந்த இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். திருவல்லிக்கேணி பெரிய தெருவில் இருக்கும் இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை படித்தவர். அங்கிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில், கடற்கரையைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் 1930-இல் இயற்பியல் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கிய கையோடு பம்பாயில் கப்பல் ஏறினார். இங்கிலாந்து போய்ச் சேருவதற்குள், எரிபொருள் தீர்ந்த விண்மீன்களின் கதியைப் பற்றிய ஒரு கணக்கைக் கப்பலிலேயே போட்டுவிட்டார். வெண்குறு விண்மீன் என்பது எலக்ட்ரான்களின் அழுத்தத்தால் தன் எடையைத் தாங்கி நிற்கிற ஒரு மிச்சம். அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும்போது சார்பியல் கோட்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்தால், ஓர் எல்லைக்கு மேற்பட்ட எடையைத் தாங்கவே முடியாது என்று வருகிறது. இன்று அந்த எல்லை சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு; பெயர் சந்திரசேகர் எல்லை. அதைத் தாண்டிய மிச்சம் மேலும் மேலும் சுருங்கியே தீரும்.

எடிங்டனுக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. பாரிஸுக்கு ஆறு மாதம் முன்பே, 1935 ஜனவரி 11 அன்று, லண்டனில் ராயல் வானியல் சங்கத்தின் கூட்டத்தில் முதல் அடி விழுந்திருந்தது. அந்த வாரங்களில் எடிங்டன் சந்திரசேகரை அடிக்கடி சந்தித்துக் கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அதே கூட்டத்தில், அதே பொருளைப் பற்றித் தானும் பேசப்போவதை மட்டும் மூச்சுவிடவில்லை. சந்திரசேகர் பேசி உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். இயற்கை இப்படி அபத்தமாக நடந்துகொள்ள விடாத ஒரு விதி இருந்தாக வேண்டும் என்ற தொனியில் பேசினார். சபை சிரித்தது. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

பிறகு கடிதங்கள் பறந்தன. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரும் அவருடைய சகா லியோன் ரோசன்ஃபெல்டும் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று பார்த்தார்கள். வுல்ஃப்காங் பௌலியும் அப்படித்தான். ஆனால் ஊரறியச் சொல்ல யாரும் முன்வரவில்லை. வானியல்காரர்களின் சண்டை, நமக்கெதற்கு என்ற தயக்கம். எடிங்டன் போன்ற ஒருவரைச் சபையில் மறுத்துப் பேசுவதில் இருந்த சங்கடமும் சேர்ந்துகொண்டது. 20-ஆம் நூற்றாண்டின் மிகக் கூர்மையான மூளைகள் சில, ஒரே விஷயத்தில் ஒத்துப்போய், ஒரே விஷயத்தில் வாயை மூடிக்கொண்டன.

இந்த வாய்மூடலைத்தான் உளவியலும் மூளையியலும் முக்கால் நூற்றாண்டாகத் துருவிக்கொண்டிருக்கின்றன. பணிந்தும் போகாமல், பாய்ந்தும் விழாமல், தன் தரப்பை நேராகச் சொல்லும் திறனுக்கு அங்கே ‘அசர்ட்டிவ்னெஸ்’ என்று பெயர். சுயமுன்னேற்றப் புத்தகங்கள் இதைத் தைரியத்தின் கணக்கில் எழுதிவிட்டன. பேசுகிறவன் தைரியசாலி, பேசாதவன் கோழை. ஆய்வுகளைப் படித்தால் அந்தக் கணக்கு நிற்கவில்லை.

சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிடத் தொடங்கிய சோதனைகள் பிரபலமானவை. ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு மூன்றில் எது என்று ஒரு குழுவிடம் கேட்பார்கள். பச்சைப் பிள்ளையும் சொல்லும் விடை. ஆனால் குழுவில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஆஷின் ஆட்கள். சொல்லிவைத்தாற்போல் தப்பான கோட்டைக் காட்டுவார்கள். அந்த ஒருவரின் முறை கடைசியில், அல்லது கடைசிக்கு முன்னால் வரும். இப்படிப்பட்ட சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தின் விடையையே சொன்னார்கள். ஒரு முறைகூட வளைந்துகொடுக்காதவர்கள் நால்வரில் ஒருவர்தான்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதுவரை. இதற்கு அடுத்த பக்கம்தான் இன்னும் முக்கியம். குழுவில் ஒரே ஓர் ஆளைச் சரியான விடை சொல்ல வைத்தார் ஆஷ். தப்பான விடைகள் நான்கில் ஒரு பங்காகச் சரிந்தன. பிறகு அந்தத் துணையையும் பாதியில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளச் செய்தார். தப்புகள் பழையபடி ஏறிவிட்டன. விடையை வாயால் சொல்லாமல் தனியாக எழுதச் சொன்னபோதோ பெரும்பாலோர் சரியாகவே எழுதினார்கள். எழுதத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத்தான் முடியவில்லை. கோபன்ஹேகனிலிருந்து வந்த கடிதங்களையும் ரஸ்ஸல் காதோடு சொன்ன பேச்சையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்க மூளையியலாளர் கிரெகரி பெர்ன்ஸின் குழு 2005-இல் ஆஷ் பாணிச் சோதனையை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் நடத்தியது. கூட்டத்தை மீறித் தன் விடையைச் சொன்ன நேரங்களில், அச்சத்தோடும் வலுவான உணர்ச்சிகளோடும் தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியில் செயல்பாடு கூடியது. பாம்பைக் கண்டால் உசுப்பப்படும் அதே அமைப்புதான், ‘சார், அது அப்படி இல்லைங்க’ என்று சொல்லப்போகும் நொடியிலும் உசுப்பப்படுகிறது. நா வறள்வது, காது சூடாவது, குரல் கம்முவது எல்லாம் அதன் உபயம். கூட்டமாக வாழ்ந்தே பிழைத்த ஓர் இனத்துக்கு, கூட்டத்திலிருந்து தள்ளப்படுவது சின்ன ஆபத்தாக இருந்திருக்காது.

பெரிய பிரச்சினைகளில்தான் இது வரும் என்றில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று கட்டில் போட்ட அறை, ஒரே ஃபேன். மூத்த ரூம்மேட் ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கரில் போட்டு ஊருக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். காலையில் ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறார், புரள்கிறார், வேண்டுமென்றே இருமுகிறார். ‘அண்ணே, கொஞ்சம் ஹெட்ஃபோன் போட்டுக்கங்களேன்’ என்ற நாலு வார்த்தை வெளியே வருவதில்லை. மறுநாள் பெல்ஸ் ரோடு டீக்கடையில் அதே கதையை மூன்று பேரிடம் ரசமாகச் சொல்வார். சொல்ல வேண்டிய ஒருவரை விட்டுவிட்டு.

கேட்பது ஏன் இவ்வளவு கனக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஸ்டான்லி மில்கிராம் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், காரணம் எதுவும் சொல்லாமல், உங்கள் இடத்தைத் தர முடியுமா என்று கேட்க வேண்டும். சுமார் 68 சதவீதம் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள், அல்லது நகர்ந்து உட்கார்ந்தார்கள். கொடுத்தவர்களைவிடக் கேட்டவர்கள் பாடுதான் சுவாரசியம். மாணவர்கள் இதைப் பெரும் வதையாக உணர்ந்தார்கள். அப்படி என்ன கஷ்டம் என்று தானே போன மில்கிராமுக்கும் வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒருவழியாகக் கேட்டு இடம் வாங்கி உட்கார்ந்த பிறகு, கேட்டதற்கு ஒரு நியாயம் இருக்க வேண்டுமே என்று நோயாளி போல முகத்தை வைத்துக்கொள்ளத் தோன்றியதாம். மாநகரப் பேருந்தில் பெண்கள் இருக்கையிலிருந்து ஓர் ஆளை எழுப்ப வேண்டியிருந்த எந்தப் பெண்ணுக்கும் இது புது ஆய்வு முடிவாகத் தெரியாது.

இன்னொரு விசித்திரம். பிரான்சிஸ் ஃபிளின், வனெசா போன்ஸ் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களிடம் ஓர் உதவி கேட்கச் சொன்னார்கள். எத்தனை பேரைக் கேட்டால் வேலை முடியும் என்று முன்கூட்டியே ஊகிக்கவும் சொன்னார்கள். உண்மையில் தேவைப்பட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஊகித்தார்கள். எதிராளி முகத்துக்கு நேராக ‘முடியாது’ என்று சொல்லவும் தொண்டை அடைக்கும் என்பது, கேட்கிறவர் கணக்கில் வருவதே இல்லை. முகதாட்சண்யம் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

இந்தியர்கள் இயல்பிலேயே பெரியவர்களுக்குப் பணிந்துபோகிறவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கிருஷ்ண சவானி, மைக்கேல் மாரிஸ், என்.வி.ஆர். நாயுடு மூவரும் 2012-இல் இதைச் சோதித்தார்கள். உடை, படிப்பு போன்ற விஷயங்களில், பெரியவர்களின் எதிர்பார்ப்பை நினைவூட்டிய பிறகு இந்தியர்களின் தேர்வு அந்தப் பக்கம் சாய்ந்தது. அமெரிக்கர்களிடம் அவ்வளவு சாயவில்லை. ஆனால் தேர்வுதான் சாய்ந்தது. எது பிடிக்கிறது என்ற மதிப்பீடு மாறவில்லை. மனசுக்குள் ‘எனக்கு அது வேண்டாம்’ அப்படியே இருக்க, வாய் ‘சரிங்கப்பா’ என்கிறது. பிள்ளை தானே விரும்பித்தான் பொறியியல் எடுத்தான் என்று சொல்லும் வீடுகள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

மௌனத்தின் விலை தூக்கக் கேட்டோடு முடிந்துவிட்டால் இவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்காது. 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஏர் ஃபுளோரிடா விமானம் ஓடுபாதையில் வேகம் எடுத்தபோது, எஞ்சின் அளவுமானிகள் காட்டுவது சரியில்லை என்று துணை விமானி கவனித்தார். கறுப்புப் பெட்டியில் அவர் குரல் இருக்கிறது. இது சரியாகத் தெரியவில்லையே என்கிறார். சரியாகத்தான் இருக்கிறது என்கிறார் கேப்டன். இல்லை, சரியில்லை என்று மறுபடியும் சொல்கிறார். அடுத்த மூச்சில், ஒருவேளை சரியாக இருக்கலாம் என்று தானே இறங்கிவருகிறார். ‘நிறுத்துங்கள்’ என்ற சொல் வரவே இல்லை. விமானம் பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் போய்க்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து 78 பேர் இறந்தார்கள்.

மொழியியலாளர் சார்லட் லிண்டே இப்படிப்பட்ட விமான அறை உரையாடல்களை எடுத்து ஆராய்ந்தார். பதவியில் கீழே இருப்பவர் பேச்சில் மெழுகல் அதிகம். மெழுகிய யோசனைகளே அதிகம் காற்றில் போயின. மெழுகல் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘சார், ஒரு தடவை பாத்துட்டா தேவலையோன்னு…’ என்று இழுத்து, வாக்கியத்தை முடிக்காமல் அந்தரத்தில் விடும் கலையில் நம் அலுவலகங்களை யாரும் மிஞ்ச முடியாது. மரியாதை காக்கும் அந்த இழுவை, பத்து விநாடி மிச்சமிருக்கும் இடத்தில் ஆளைக் கொல்லும்.

நம் நாட்டிலேயே அது நடந்தது. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கியது. குன்றின் உச்சியைச் சமன் செய்து போட்ட ஓடுபாதை அது, தாண்டினால் பள்ளம். விமானம் மிக உயரத்தில், மிக வேகமாக வந்துகொண்டிருந்தது. பயணத்தில் கேப்டன் நெடுநேரம் தூங்கியிருந்தார். குறட்டைச் சத்தம் ஒலிப்பதிவில் இருக்கிறது. இறங்காமல் மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். கேப்டன் இறக்கினார். 158 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் 8 பேர். இங்கே துணை விமானி வாய் திறக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்ன சொல்லுக்கு அந்த அறையில் எடை இல்லாமல் போனதுதான் விஷயம்.

அதனால்தான் விமானத் துறை, ‘தைரியமாகப் பேசு’ என்று இளையவர்களுக்கு உபதேசம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1979-இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து வளர்ந்த குழுப் பயிற்சி முறையில் கேப்டனுக்கும் பாடம் உண்டு: எப்படிக் கேட்பது, எப்படிக் கேள்வியை வரவழைப்பது. இளையவருக்குச் சொல்முறையே வகுத்துக் கொடுத்தார்கள். ஆளைப் பேர் சொல்லி அழை; என்ன கவலை என்று சொல்; என்ன பிரச்சினை என்று சொல்; என்ன செய்யலாம் என்று சொல்; ஒப்புக்கொள்கிறாரா என்று கேள். அச்சத்தில் மூளை தடுமாறும் நேரத்தில் புது வாக்கியம் கட்ட முடியாது. ஏற்கெனவே பல நூறு முறை ஒத்திகை பார்த்த வாக்கியம் தானாக வரும்.

மருத்துவமனைகள் பின்னால் வந்தன, பிரச்சினை அங்கே முன்பே தெரிந்திருந்தும். 1966-இல் சார்லஸ் ஹாஃப்ளிங் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத ஒரு டாக்டர் போனில் கூப்பிட்டு, ஒரு மருந்தை அனுமதித்த உச்ச அளவைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கச் சொன்னார். 22 செவிலியரில் 21 பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வார்டு வாசலில் ஆய்வாளர்கள் தடுத்தார்கள். இதே நிலைமையைத் தாளில் விவரித்து வேறு 12 செவிலியரிடம் கேட்டபோது 10 பேர், நாங்களாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தாளில் டாக்டரின் குரல் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் சோதித்தபோது, டெல்லியும் அவற்றில் ஒன்று. 2009-இல் வெளியான முடிவின்படி, சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. அந்தப் பட்டியலில் பலரும் சிரித்த ஒரு வரி உண்டு: கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தினமும் பார்க்கிற ஆளிடம் பெயர் சொல்வானேன்? அறையில் ஒரு முறை குரல் எழுப்பியவர், பிறகு ஒரு கோளாறைக் கண்டால் இரண்டாம் முறை குரல் எழுப்பத் தயங்குவது குறைகிறது என்பதுதான் அதற்குப் பின்னால் இருந்த எண்ணம்.

தனி ஆளுக்கான பயிற்சியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்த உளநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1950-களில் இதை ஒரு சிகிச்சையாக்கினார். நடித்துப் பார்ப்பது, சின்னதில் தொடங்கிப் பெரியதுக்குப் போவது என்பதே அதன் அடிப்படை. பலன் இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. தனக்காக அழுத்திப் பேசும் பெண்ணை, அதே அளவு பேசும் ஆணைவிடக் கடுமையாக எடைபோடுகிறார்கள் என்பதை லாரி ரட்மன் தொடங்கிப் பலர் காட்டியிருக்கிறார்கள். அதே பெண் இன்னொருவருக்காகப் பேசினால் அந்தக் கோபம் தணிகிறது. ‘வாயாடி’ என்ற பட்டம் யாருக்குக் கிடைக்கும், ‘விவரமானவன்’ என்ற பட்டம் யாருக்குக் கிடைக்கும் என்பது பேச்சைப் பொறுத்தது மட்டுமில்லை. வீட்டுவேலை செய்யும் அம்மாவிடம் ‘சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள்’ என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறவர், அவர் கேட்டால் வேலை போகுமா என்பதையும் சேர்த்துப் பாடம் நடத்த வேண்டும்.

திருவல்லிக்கேணிக்கே திரும்பினால், ஆஷுக்கு 73 ஆண்டு முன்பே இங்கே ஒரு சோதனை நடந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக தி. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தாக்கி எழுதின. திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தைச் சேர்ந்த ஆறு இளைஞர்களுக்கு அது பொறுக்கவில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள்; மற்ற நால்வர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதி அச்சடித்து, 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள். ஏகாதிபத்தியத்துக்கு எதிரே தனியாக நிற்க அந்த ஆறு பேரில் எத்தனை பேர் துணிந்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி. யாரும் தனியாக நிற்கவில்லை.

அரசாங்கத்தை எதிர்ப்பது ஆறு பேராகச் சேர்ந்தபோது எளிதாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்களை எதிர்ப்பது அப்படி இருக்கவில்லை. விதவையான தன் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்துவைத்தார் சுப்பிரமணிய ஐயர். ஊரும் உறவும் அவரை ஒதுக்கின. சமூகச் சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகம் கூட்டாளி வீரராகவாச்சாரியாருக்கு ஒத்துவரவில்லை. 1898-இல் சுப்பிரமணிய ஐயர் ‘இந்து’வை விட்டுவிட்டு, தான் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்த ‘சுதேசமித்திர’னோடு போய்விட்டார்.

நிறுவனத்தில் குறை கண்டவர் குரல் கொடுக்கலாம், அல்லது வெளியேறலாம் என்று 1970-இல் ஒரு புத்தகமே எழுதினார் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். சந்திரசேகர் தேர்ந்தது இரண்டாவதை. 1937-இல் அமெரிக்கா போய், விண்மீன் அமைப்பைப் பற்றிய தன் முடிவுகளை 1939-இல் ஒரு நூலாக எழுதி மூடிவிட்டு, வேறு துறைக்கு மாறிக்கொண்டார். எடிங்டனோடு நட்பு முறியவில்லை. அவர் இறந்த பிறகு அவரைப் புகழ்ந்து பேசவும் செய்தார். எடிங்டன் அன்று ஒப்புக்கொண்டிருந்தால் சின்ன வயதிலேயே கிடைத்திருக்கும் புகழ் தன்னைக் கெடுத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சொன்னார். 1983-இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 73. அந்தச் சமாதானம் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்; வானியலுக்குப் போதுமா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது.

சுப்பிரமணிய ஐயரோ 1904-இல் மதுரையிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரைக் கூட்டிவந்து ‘சுதேசமித்திர’னில் துணையாசிரியராக அமர்த்தினார். பெயர் சி. சுப்பிரமணிய பாரதி. மொழிபெயர்ப்பு வேலை நிறையக் கொடுத்தார். தமிழ் உரைநடை அங்கேதான் அவருக்குக் கைப்பழக்கமாயிற்று. ஆனால் ஆசிரியரின் மிதமான அரசியலில் இளையவரின் சூடான தலையங்கங்களுக்கு இடமில்லை. 1906-இல் பாரதி ‘இந்தியா’ வாரப் பத்திரிகைக்குப் போய், நினைத்ததை நினைத்தபடி எழுதத் தொடங்கினார்.